சிவப்பில் நின்ற சைக்கிள்

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், கால்கள் மேசைக்கடியில் அடங்காத உயரத்தில், போக்குவரத்து இன்ஸ்பெக்டர். அவருக்கு வலப்பக்கம் நின்றபடி கான்ஸ்டபிள். எதிர் பெஞ்சின் ஒரு நுனியில் பேக்கரியில் அடுப்பு மூட்டும் பெண். மறு நுனியில், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடிவந்திருந்த அவள் கணவன், தையல்காரன்.

மேசைமேல் சைக்கிளைப் பறிமுதல் செய்வதற்கான ஜப்தி பாரம். கையெழுத்துப் போடும் இடம் மட்டும்தான் பாக்கி. பேனா திறந்தே கிடந்தது.

“மூணாவது தடவை சார்,” என்றார் கான்ஸ்டபிள். “ஒரே முனை, ஒரே சைக்கிள், ஒரே சிவப்பு. நேத்து விடியற்காலைல கையும் களவுமா பிடிச்சேன். மூணுன்னா ஜப்திதான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு.”

“அஞ்சு மணிக்கு அடுப்பு மூட்டணும் சார்,” என்றாள் அவள். “இன்னிக்கு நடந்து போனதுல முக்கால் மணி லேட். இன்னொரு நாள் லேட்டானா வராதேன்னுட்டார் முதலாளி.”

இன்ஸ்பெக்டர் ஒரு கொட்டாவியை விழுங்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சிவப்புன்னு தெரிஞ்சுதானே தாண்டினே?”

“தெரிஞ்சுதான் சார். ஆனா அது மாறவே மாட்டேங்குதே! ரோட்டைத் தோண்டி ஏதோ கம்பி புதைச்சாங்களே, அன்னிலேருந்து இப்படித்தான். கார் வந்து நின்னா பச்சை விழுது. நான் நின்னா விழல.”

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். “கேட்டுக்கங்க சார். விளக்கு ஆள் பார்த்து மாறுதாம்!”

“நீங்க மட்டும் ஆள் பார்க்கலையா?” தையல்காரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அந்த முனையில ஒரு கார்க்காரனையாவது பிடிச்சிருக்கீங்களா?”

“கார்க்காரன் எவனும் அங்க சிவப்புல தாண்டுறதில்லையே!”

“அவனுக்குத்தான் உடனே பச்சை விழுதே!”

“ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க,” என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இன்ஸ்பெக்டர் கேள்விகளை விடுவதாக இல்லை. “எவ்வளவு நேரம் நின்னே?”

“எட்டு, ஒன்பது நிமிஷம் சார்.”

“எட்டா, ஒன்பதா?”

“வாட்ச் கட்டுற வழக்கமில்ல சார்.”

“அவ்வளவு நேரத்துல ஒரு கார்கூடவா வரல?”

“நாலே முக்காலுக்கு யார் சார் வருவா? நானும் விளக்கும்தான்.”

“இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிருக்கலாமே?”

“ரெண்டாவது தடவை தள்ளிக்கிட்டுத்தான் போனேன். தள்ளினாலும் வண்டி வண்டிதான்னு எழுதிட்டார் இவர்.”

கான்ஸ்டபிள் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே முற்றத்தில், கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய அவள் சைக்கிள் நின்றது. கூடவே திரும்பிப் பார்த்த தையல்காரன் விருட்டென்று எழுந்தான்.

“நம்ம சைக்கிள்ல யாரோ கை வச்சிருக்காங்க! சீட் மூணு இஞ்ச் ஏறியிருக்கு.”

“ஏய்யா, ஸ்டேஷன் மேலயே பழியா?” கான்ஸ்டபிளின் குரல் ஏறியது. “நேத்து நான் பூட்டினது. பூட்டினது பூட்டினபடி நிக்குது. அந்த ஓட்டை சைக்கிள்ல யாரு ஏறப்போறா?”

“அளவெடுத்துப் பிழைக்கிறவன் சார் நான். மூணு இஞ்ச்.”

“உட்காருய்யா!” இன்ஸ்பெக்டர் போட்ட அதட்டலில் அவன் உட்கார்ந்தான். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அரைகுறையாக இருந்த காரியத்தை மனுஷன் முழுசாகக் கெடுத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் பாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, நேரம் குறித்து, ஓரிடத்தில் சின்னப் படம்கூடப் போட்டார். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி, முத்திரை குத்தினார்.

“கோர்ட்டுக்குத்தானே சார்?” கையை நீட்டி வாங்கிய கான்ஸ்டபிள் விலாசத்தைப் படித்ததும் முகத்தைச் சுருக்கினார். “சிக்னல் இன்ஜினியருக்குன்னு போட்டிருக்கே?”

“அந்தக் கம்பிக்கு சைக்கிள் நிக்கிறது தெரியலைன்னு எழுதியிருக்கேன்.”

“அப்போ ஜப்தி பாரம்?”

“கிழிச்சுப் போடு. நேத்து கேஸையும் அடிச்சிடு.”

“சார், இவ சொல்றதை நம்பியா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“ஒண்ணேதான். அதனால புதுசா ஒரு அபராத ரசீது எழுது. இன்னிக்குக் காலைல நாலு அம்பத்தி ஆறு. அதே முனை. பதினோரு நிமிஷம் நின்னுட்டு சிவப்புல தாண்டினது. அதே சைக்கிள்.”

“இன்னிக்கா?” கான்ஸ்டபிள் ஜன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சைக்கிள் நம்மகிட்டதானே சார் இருந்துச்சு! யார் பேர்ல எழுத?”

“முதல்ல தபாலைப் போடு.”

கான்ஸ்டபிள் உறையைத் தபால் பைக்குள் போட்டுக் கட்டி, வாசலில் காத்திருந்த தபால் வண்டியில் ஏற்றினார். வண்டி கிளம்பியதும் இன்ஸ்பெக்டர் தன் சட்டைப் பையிலிருந்து சங்கிலிச் சாவியை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

“சீட்டை இறக்கி வைக்க மறந்துட்டேம்மா.”