காதுகுத்து வீடியோ

யாழ்மொழிக்குப் பதினெட்டு முடிந்த அன்று, சட்டப்படி அந்தக் கேள்வி வீட்டுத் திரையில் வந்தது: 'சிறுவயதில் பெற்றோர் இணையத்தில் போட்ட உங்கள் படங்களை அழிக்கலாமா?' அழித்தால் உலகத்தில் எந்தப் போனிலும் இருக்காது. சொந்த வீட்டிலும் இருக்காது.

அம்மா கீர்த்தனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் அழிச்சுக்கோடி. அந்தக் காதுகுத்து வீடியோவ மட்டும் விட்டுரு."

"நல்லா கேட்டம்மா! மாமா மடியில மொட்டத் தலையோட மூக்கு ஒழுக நான் அழுததப் பார்த்து ஊரே சிரிச்சுது. காலேஜ்லகூட என் பேரு 'காதுகுத்து'தான்."

"அழகா இருந்தியேன்னுதாண்டி போட்டேன்."

"என்னக் கேட்டியா?"

மூன்று வயதுக் குழந்தையை யார் கேட்பார்கள்? சந்தனம் ஒட்டிய கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "அழாத கண்ணு, முடிஞ்சிருச்சு" என்று கணவன் சொன்னது கீர்த்தனாவின் கண்முன் வந்தது. அதிகம் பேசாத மனிதர். போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது.

"அப்பா குரல் அதுல மட்டுந்தாண்டி இருக்கு."

யாழ்மொழியின் விரல் நின்றது. "அப்படின்னா இருந்துட்டுப் போகட்டும்மா" என்றாள். சொல்லும்போதே முகம் வாடிவிட்டது.

கீர்த்தனா அந்த முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம். அழிச்சிரு."

திரை வெறுமையானது. யாழ்மொழி அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"அப்பா எப்படிம்மா சொல்வாரு?"

கீர்த்தனா குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "அழாத கண்ணு, முடிஞ்சிருச்சு" என்றாள்.

"அப்படி இல்லம்மா. 'கண்ணூ...'ன்னு இழுப்பாரு."