நான்காவது எண்

"அந்த ஒரு டயர்ல மட்டும் காத்து இல்லீங்களா? வெறும் கோடு காட்டுது?"

"காத்தெல்லாம் நிறைய இருக்கு மஞ்சரி. வெளியே சொல்லத்தான் மாட்டேங்குது."

போன வாரம் கணவன் கிருபாகரன் சொன்னது, காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சரிக்கு இப்போது நினைவு வந்தது. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் டயர் கடையில் நிறுத்தி, சக்கரத்துக்குள் செத்துக்கிடந்த, காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சாரை மாற்றியாயிற்று. "கொஞ்ச தூரம் ஓட்டுங்க சார், நம்பர் தானா வந்துடும்" என்றிருந்தார் கடைக்காரர். திரையில் மூன்று சக்கரங்களுக்கு எண் தெரிந்தது. நான்காவதற்கு இன்னும் இரண்டு சிறு கோடுகள்தான். கிருபாகரன் சாலையைவிட அவற்றையே அதிகம் பார்த்தான்.

பத்து நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருவதாகத்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு இல்லை. குழந்தை இறந்த இந்த எட்டு மாதத்தில் பால், கேஸ், கரண்ட் பில், கார் தவிர அவன் எதையும் பேசவில்லை. தொட்டிலைக்கூட ஒரு வார்த்தை இல்லாமல் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டான். அவள் ஒவ்வொரு இரவும் கேட்க வாயெடுத்து, விழுங்கிவிட்டுப் படுத்தாள்.

நிலையத்தின் நுழைவாயில் தெரிந்தது.

"வந்துடுச்சு! முப்பத்து மூணு! பாரு மஞ்சரி, பாரு!"

எட்டு மாதத்தில் முதல் முறையாக அவன் சிரித்தான். சிரித்த உதடு மூடத் தெரியாமல் நடுங்கியது.

மஞ்சரி கியர் மேலிருந்த அவன் கையை இறுகப் பற்றினாள்.

"ரயில் போனாப் போகட்டும், வண்டியை ஓரங்கட்டுங்க. ஒரே ஒரு தடவை, பாப்பா பேரைச் சொல்லி என்கூட அழுங்க."