பயன்படுத்தாதவை நீக்கப்பட்டன

மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தை மறந்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போன பூபதி, திரும்பி வந்தபோது மனைவி சுகந்தி பெட்டியோடு வாசலில் நிற்பதைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. எல்லோருக்கும் போல அவன் தலைக்குள்ளும் இருக்கும் சிஸ்டம்தான் பேசியது: "மன்னிப்புக் கேட்டல் நீக்கப்பட்டுவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் அதைத் திறக்கவே இல்லை."

"திரும்ப ஏத்தித் தொலை!" என்று மனசுக்குள் கத்தினான்.

"அதற்கு முதலில் 'தப்பை ஒத்துக்கொள்ளுதல்' வேண்டும். இரண்டுக்கும் இடமில்லை. எதையாவது நீக்குங்கள்."

சுகந்தி வரச் சொல்லியிருந்த ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. பூபதி பல்லைக் கடித்துக்கொண்டு, அப்டேட் மேல் அப்டேட் போட்டு வளர்த்து வைத்திருந்த 'சாக்குச் சொல்லுதல்' முழுவதையும் அழித்தான்.

"தப்பு என் மேலதான் சுகந்தி. மன்னிச்சிரு, போகாத."

சுகந்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடித் தன் தலைக்குள் தேடினாள்.

"அட, மன்னிக்கிறது எங்கிட்ட இல்லீங்களே! நீங்க ஒருநாளாவது கேட்டிருந்தாத்தான இருக்கும்? சும்மா கிடக்குதுன்னு சிஸ்டம் எனக்கும் அழிச்சிருச்சு."

"அப்ப?"

அவள் ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டு, பெட்டியை அவன் கையில் திணித்தாள்.

"டவுன்லோடு போட்டிருக்கேன். மெதுவாத்தான் ஏறும். அது வரைக்கும் போய்ப் பாத்திரத்தக் கழுவுங்க."