பேருக்கு முன்னால் ஒரு குறி

தூத்துக்குடிக் கப்பல் கம்பெனி ஒன்றின் புதுக் கம்ப்யூட்டர் அறையில், அதிகாரி தளவாய் மிஷின் அச்சடித்த காகிதத்தை, அங்கே வேலை பார்க்கும் வடிவின் முன்னால் வீசினார்.

"இதென்னம்மா கூத்து? புயல்ல சிக்குன தோணிக்காரங்க பேரை அடிச்சா, அவங்க நிலைமை வரணும். எல்லாருக்கும் 'கரை சேர்ந்தார்'னு வருது. சொரிமுத்துக்கு மட்டும் வெறும் பேரு வருதே!"

"பேருக்கு முன்னால மேற்கோள்குறி போட்டிருக்கேன் சார்."

"போட்டா மிஷின் பேரை அப்படியே திருப்பிச் சொல்லும், பேருக்குப் பின்னால என்ன இருக்குன்னு தேடாது. இதுகூடத் தெரியாம வேலைக்கு வந்துட்டா! நாளையிலிருந்து வீட்டுல அடுப்பு ஊது."

குறியை நீக்கிவிட்டு அவரே அடித்தார்.

'கடலில் காணவில்லை.'

"காலையில இந்தத் தகவலை ஏத்துனதே நீதானே? பிறகு எதுக்கு மறைச்சே? யாரு இந்தச் சொரிமுத்து?"

வடிவு நிமிரவில்லை.

"அவுக பேரை நான் வாயால சொல்லுதது இல்ல சார்."