மாட்டிய இடம்

கூடத்துச் சுவரில் படத்தைக் காணோம்.

ஒரு கடிகாரம், ஒரு காலண்டர், மருந்துக் கம்பெனி இனாமாகக் கொடுத்த ஒரு பூச்செடிப் படம். அவ்வளவுதான். வார்னிஷ் டப்பாவும் தட்டைப் பிரஷ்ஷுமாக உள்ளே வந்தவள், நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டாள். படம் வரைந்து விற்பது அவள் தொழில். தன் படம் எங்கே தொங்குகிறது என்று கண் தானாகத் தேடும்.

"உட்காருங்க. அவர் குளிச்சிட்டு சட்டை மாத்தறார், வந்துடுவார்" என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

"இருக்கட்டுங்க. எண்ணெய் வண்ணம் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் வார்னிஷ் பூசணும், அதான் இப்ப வந்தேன். படம் எந்த ரூம்ல இருக்கு?"

மனைவி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். "பாத்ரூம்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

லேசில் வரைந்த படமா அது! மருந்துக்கடைக்காரர் தன் அம்மாவின் இளவயதுப் பழைய போட்டோவைக் கொண்டுவந்து, "போட்டோ மாதிரி வேண்டாங்க. ஆள் எதிர்ல நிக்கற மாதிரி வேணும்" என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தார். அப்புறம் அந்த மனுஷன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நேரே அவள் வீட்டு மாடிக்கு வந்து நிற்பார்.

"புருவம் இன்னும் கொஞ்சம் மெலிசா இருக்கும்."

"கன்னத்து மச்சம் இன்னும் கொஞ்சம் கீழே."

அவள் வீட்டில் அவருக்கு 'இன்னும் கொஞ்சம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் வந்திருக்கு, டீ போடவா?" என்று அவள் கணவன் கிண்டலடிப்பான்.

அவளும் சளைக்காமல் திருத்தினாள். பெற்றவள் முகத்துக்காக ஒரு மகன் இப்படி மெனக்கெடுகிறாரே என்று அவர்மேல் ஒரு மரியாதை.

அந்தப் படம் இப்போது பாத்ரூமில்!

யாரும் வழிகாட்டும்வரை அவள் காத்திருக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வாஷ்பேசினுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். அம்மாவின் கழுத்தில் பற்பசை தெறித்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பக்கத்து ஸ்டாண்டில் பல் பிரஷ்கள், பவுடர் டப்பா, ஒரு சீப்பு.

அவள் வார்னிஷ் டப்பாவை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"இதுக்குக் குப்பையிலயே போட்டிருக்கலாமே!"

சத்தம் கேட்டு, பாதி பட்டன் போட்ட சட்டையோடு மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். "மெதுவாப் பேசுங்க, ப்ளீஸ்..."

"எதுக்கு மெதுவா? அக்கம்பக்கத்துல கேட்டா மானம் போயிடுமா? பெத்தவங்களை மாட்டற இடமா சார் இது? போய்ச் சேர்ந்துட்டாங்கன்னா எங்க வேணாலும் மாட்டிடலாமா?"

"ஐயோ, அப்படியெல்லாம்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். படத்தைக் கழட்டிக் கொடுங்க. நீங்க கொடுத்த பணத்தை நான் திருப்பிக் கொடுத்துடறேன்."

அவள் சட்டத்தின் இரண்டு பக்கமும் கை வைத்துவிட்டாள். அவர் முகம் வெளுத்துப்போனது.

"என்னை என்ன வேணா திட்டுங்க. கைகூப்பிக் கேட்டுக்கறேன், அதை மட்டும் எடுத்துடாதீங்க!"

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "யாரும்மா அது? கொஞ்சம் நகரு, நேரமாச்சு."

திரும்பினாள்.

தோளில் துண்டோடு ஒரு வயதான அம்மாள். தும்பைப் பூவாக நரைத்த தலை. குழி விழுந்த கன்னம். அந்தக் கன்னத்தில், அவள் அழித்து அழித்து வரைந்த அதே மச்சம்.

பழைய போட்டோவைப் பார்த்து, இறந்துபோனவர் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். யாரும் அப்படிச் சொல்லவேயில்லை!

கைகள் தானாகச் சட்டத்தை விட்டன. விலகி நின்றாள்.

அந்த அம்மாள் குழாயைத் திறந்து முகம் கழுவினார். துண்டால் ஒற்றிக்கொண்டு, நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். சீப்பை எடுத்தார். படத்திலிருந்து பார்வையை எடுக்காமலே வகிடு பிரித்து வாரிக்கொண்டார். கன்னத்தில் பவுடரை ஒற்றினார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார்.

மகன் அவள் பக்கமாக நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மறதி நோய்ங்க. அவங்க மனசுல அவங்களுக்கு இன்னும் முப்பது வயசுதான். கண்ணாடியைப் பார்த்தா, எவளோ ஒரு கிழவி வீட்டுக்குள்ள புகுந்துட்டான்னு அலறுவாங்க. இருந்த கண்ணாடியையெல்லாம் எடுத்துட்டோம். உடனே, 'என் முகத்தைக் காணோமே'ன்னு சுவர் சுவராத் தடவி அழ ஆரம்பிச்சாங்க. வெளியில சொன்னா பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க. அதான் உங்ககிட்டகூட..."

அவளுக்குத் தலை நிமிரவில்லை.

அந்த அம்மாள் சீப்பைத் தண்ணீரில் அலசி, உதறி, அவளிடம் நீட்டினார்.

"தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கே, நீயும் வாரிக்கோம்மா. என் பையன் வாங்கிப் போட்ட கண்ணாடி. உள்ளதை உள்ளபடி காட்டும்!"