வியாழக்கிழமை ஊசி

"ஏன்டா மார்ட்டின், ஒரு ஊசிக்கு இம்மா நேரமா? கண்ணு வேற செவந்திருக்கு. அழுதியா?"

மாத்திரைக்குக் காத்திருந்த அமுதவல்லி போட்ட சத்தத்தில் டாக்டர் விஜயராகவனின் கிளினிக்கே சிரித்தது. மார்ட்டின் தலை நிமிராமல் வெளியே போனான்.

நர்ஸ் வெரோனிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ட்டின் வந்தது ஊசிக்கு அல்ல. ஊசி போடும் அறைக்குப் பின்னால் இன்னோர் அறை. வியாழக்கிழமைகளில் அங்கே மனநல ஆலோசகர் சுடர்விழி வருவார். வெளியே போர்டு கிடையாது. மனைவி செத்ததிலிருந்து சோறு தூக்கம் இல்லாமல் கிடந்தவனை, டாக்டர்தான் சொல்லிச் சொல்லி அங்கே உட்கார வைத்திருந்தார்.

வெரோனிகா ஓடிப்போய் வாசலில் பிடித்தாள்.

"அடுத்த வாரம் வந்துடுங்கண்ணே."

"வேணாம் சிஸ்டர். பேசுனா நெஞ்சு லேசாத்தான் ஆவுது. ஆனா அந்தம்மா வாயில என்னால விழ முடியாது."

வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

வெரோனிகா நேராக அமுதவல்லியிடம் வந்து, ஓரமாகக் கூப்பிட்டாள்.

"பிரஷர் மாத்திரைய வாங்கினமா போனமான்னு இருக்க மாட்டீங்களா? அவரு இனிமே வரமாட்டேன்னுட்டுப் போறாரு."

"பின்னாடி ரூமுக்கா?" அமுதவல்லியின் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்கு... தெரியுமா?"

"வாராவாரம் இங்கதான உக்காந்திருக்கேன்."

"தெரிஞ்சேதான் கேலி பண்ணீங்களா?"

"எதிர்ல இருந்தவ, 'உள்ள பைத்தியத்துக்குப் பாக்குறாங்களாம், இவன் அதுக்குத்தான் வரான்'னு பக்கத்துல ஓதிகினு இருந்தா. நான் ஊசின்னு கத்துனதும் எல்லாம் சிரிச்சிட்டு அத உட்டுட்டாங்க. பாத்தியா இல்லியா?"

அமுதவல்லி வாசல் பக்கம் பார்த்தாள்.

"அவன் மனசு நோவும்னு நெனைக்காம போயிட்டேன். அவன் வீடு தெரியும். கைய கால புடிச்சாவது நானே கூட்டியாறேன்."

மாத்திரை கூட வாங்காமல் அமுதவல்லி எழுந்துவிட்டாள்.

"ஏம்மா, உங்களுக்கு அவரு சொந்தமா?"

"இல்ல." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எம் மவனும் இதுமாதிரி ஒரு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துனு இருந்தான். தெருவே பைத்தியம்னு பேசுச்சி. வெக்கப்பட்டு நிறுத்திட்டான். அப்புறம் அவனே இல்ல."

"ஐயோ..."

"ஊருக்கெல்லாம் பேசுற எனக்கு, அன்னிக்கு வாயே வரல, வெரோனிகா."