பச்சை நாய்

"நாய் எங்கனா பச்சையா இருக்குமா சார்? நீங்களே சொல்லுங்க."

ஜெயசுதா அந்தத் தாளைத் தலைமை ஆசிரியர் ராஜவேலுவின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

தாளில் ஒரு நாய். காது, வால், கால் எல்லாம் செம்பட்டை நிறம். கோட்டைத் தாண்டி ஒரு இழுப்புகூட இல்லை. வண்ணம் தீட்டும் போட்டிக்கு வந்திருந்த முப்பது தாளில் இவ்வளவு சுத்தமாக எதுவும் இல்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, முதுகில் மட்டும் வறட்டி தட்டியது போலப் பச்சையை அப்பி வைத்திருந்தது பிள்ளை.

"ஒண்ணு ரெண்டு இல்ல சார், ஒம்போது தாளு இப்பிடி. ஒரே எடத்துல ஒரே பச்சை. ஒண்ணு போட்டுச்சு, மத்தது எல்லாம் காப்பி அடிச்சிருக்குது."

"மேடம், அது வந்து..."

"நீங்க பரிஞ்சுகிட்டு வராதீங்க சார்."

சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்பது தாளிலும் வரிசையாக முட்டை போட்டாள்.

டவுனில் இருந்து ஜீப் பிடித்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, நாய்க்கடி விழிப்புணர்வுக் குழுவின் தலைவி என்ற முறையில் அவள் நெல்லிவாசல்நாட்டு மலைப் பள்ளிக்கு ஏறி வந்தது இதைப் பார்க்கவா?

காலையில் பெற்றோர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தாள். "நாய் வளத்தா மட்டும் போதாது. தடுப்பூசின்னு ஒண்ணு இருக்குது, அது உங்களுக்குத் தெரியுமா? எங்க தெரியப் போவுது" என்று அவளே கேட்டு, அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கடைசியில் கையும் தட்டினார்கள். இந்தச் சனங்களுக்கு அது ஒன்றுதான் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

முட்டை விழுந்த செய்தி வெளியே போன வேகத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கைப்பிடியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள்.

"மேடம், நான் சாந்தம்மாளுங்க. இது எம் பொண்ணு பிரியதர்ஷினி. இது கலரு அடிச்சதுக்கு முட்டை போட்டீங்களாமே."

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"மொத பரிசு சைக்கிளுன்னு சொன்னீங்க. ஆறாவதுக்கு ஏழு கிலோமீட்டர் போவணுங்க. சைக்கிள் இருந்தா அனுப்பலாம், இல்லன்னா ஆடு மேய்க்கட்டும்னு இவுங்க அப்பா சொல்லிட்டாரு."

"கஷ்டத்தப் பாத்து மார்க்கு போட முடியுமா? நாய்க்கு இன்னா நெறம்னு தெரியாத புள்ள, ஆறாவது படிச்சு இன்னா கிழிக்கப் போவுது?"

சாந்தம்மாள் மகளைப் பார்த்தாள். பிள்ளை மேசைமேல் இருந்த தன் தாளைப் பார்த்தது; கோடு தாண்டாத அந்த நாய்தான்.

"நீ யாரப் பாத்து போட்ட? உண்மையச் சொல்லு" என்றாள் ஜெயசுதா.

"நாயப் பாத்துதான் மிஸ்."

"எந்த நாய்?"

பிள்ளை ஜன்னல் பக்கம் கையைக் காட்டியது.

வெளியே மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிந்திய சோற்றைத் தின்ன ஆறேழு நாய்கள் வந்திருந்தன. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, மீதி எல்லாம் செம்பட்டை. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றின் முதுகிலும் பச்சைப் பெயின்ட்.

"அதத்தான் மேடம் அப்பவே சொல்ல வந்தேன்" என்றார் ராஜவேலு. "போன மாசம் கால்நடை டாக்டர் வந்து எல்லா நாய்க்கும் வெறிநோய் ஊசி போட்டாரு. போட்ட நாய்க்கே திரும்பப் போட்டுடக் கூடாதுன்னு முதுகுல பச்சை தடவினாரு. இந்த ஒம்போது புள்ளைங்களும் இந்த ஊரு, மத்ததெல்லாம் பக்கத்து ஊருங்க."

"எல்லா நாய்க்குமா?"

"எல்லாத்துக்குந்தாங்க" என்றாள் சாந்தம்மாள். "சாமை அறுப்ப ரெண்டு நாளு வுட்டுட்டு ஊரே கூடி நாயப் புடிச்சோம். காட்டுக்குள்ள ஓடுனதக்கூடக் கருவாட்டக் காட்டிக் கூட்டியாந்துட்டோம். எங்க வூட்டுக்காரர ஒரு நாயி ஓடைக்குள்ளயே தள்ளிவுட்டுடுச்சு. மழை பேஞ்சு பச்சை வெளுத்துப் போச்சுன்னு, ஊர்ப் பணத்துல பெயின்ட் டப்பா வாங்கி நாங்களே திரும்பப் பூசினோம். பச்சை இல்லாத நாய ஊருக்குள்ள வுடறதில்லைங்க. புள்ளைங்களும் தொடாது."

"காலையில நான் அவ்ளோ நேரம் பேசினப்போ இத ஏம்மா சொல்லல?"

"அவ்ளோ தூரத்துல இருந்து எங்களுக்குச் சொல்றதுக்குன்னு வந்திருக்கீங்க. குறுக்க பேசினா நல்லா இருக்குமாங்க?"

ஜெயசுதா தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அப்புறமும் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

சாந்தம்மாள் கொஞ்சம் கிட்டே வந்தாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள்.

"நீங்களும் வூட்ல நாய் வளக்கறதா காலையில சொன்னீங்களே. உங்க ஊர்ல ஊசி போட்டா இன்னா கலருங்க பூசறாங்க?"

ஜெயசுதா பிரியதர்ஷினியின் தாளை இழுத்து, முட்டையை அடித்துவிட்டுப் பக்கத்தில் நூறு என்று எழுதினாள். அவள் வீட்டு நாய்க்கு இந்த ஆடியோடு வயசு நாலு. இதுவரை ஒரு ஊசிகூடப் போட்டதில்லை.